மை: ஒரு பெயர், மூன்று மரங்கள்

1934இல் ஹனோயில் ஒரு நாவல் வெளியானது. எழுதியவர் காய் ஹங். தலைப்பு 'நுவா சுங் சுவான்', அதாவது பாதி வசந்தம். கதாநாயகியின் பெயர் மை. பழைய படிப்புப் படித்த ஏழைப் பண்டிதர் ஒருவரின் மகள். தகப்பனார் போனபின் தம்பியின் படிப்புச் செலவுக்காக இருக்கிற வீட்டை விற்கக் கிளம்புகிறாள். அதிகாரி வீட்டுப் பிள்ளையான லோக்கைக் காதலித்துக் கைப்பிடிக்கிறாள். அந்தஸ்து போதாது என்று மாமியார் அவர்களைப் பிரிக்க, வயிற்றில் பிள்ளையோடு வெளியேறுகிறாள். ஆண்டுகள் போகின்றன. பார்த்துக் கட்டிவைத்த மருமகளால் வாரிசு வரவில்லை என்றானதும் அதே மாமியார் மையைத் தேடி வந்து, இரண்டாந்தாரமாக வீட்டுக்கு வரச் சொல்கிறாள். மை முடியாது என்கிறாள். தன் குலத்தில் யாரும் அப்படி வாழ்க்கைப்பட்டதில்லை என்பது அவள் தரும் காரணம்.

நாவலாசிரியர் இந்தப் பெயரைச் சும்மா வைத்திருக்க முடியாது. மை என்பது பூவின் பெயர். இலை துளிர்க்கும் முன்பே, குளிர் விடாத நாளில், வெறுங்கிளையில் மொட்டவிழும் பூ. பண்டிதர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பெயர் வைத்தாலே அவள் வளையமாட்டாள் என்று அன்றைய வாசகருக்குப் பாதி தெரிந்துவிடும். வியட்நாமியப் பெண் பெயர்கள் பலவும் இப்படிக் கதையைத் தூக்கிக்கொண்டுதான் வருகின்றன. இந்த உரை அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அது எங்கெல்லாம் போயிற்று என்று பின்தொடர்கிறது.

எழுத்துக்கூட்டல் பற்றி முதலிலேயே ஒன்று. வியட்நாமியர் வாயில் இந்தப் பெயரின் உயிரொலி சற்று நீளும். 'மாய்' என்று எழுதுவதே சரியான ஒலிபெயர்ப்பு. ஆனால் பெற்றோர் ஆசையாக வைத்த பெயரைத் தமிழில் 'செத்துப்போ' என்று படிக்கும்படி எழுத யாருக்கும் மனம் வராது. எனவே மை.

பூவுக்கு இந்த மதிப்பு சீனத்திலிருந்து வந்தது. சீனர் 'மெய்' என்று சொல்லும் மரத்தின் பெயரே வியட்நாமிய உச்சரிப்பில் மை ஆயிற்று. பைன், மூங்கில், மை மூன்றும் குளிர்காலத்து நண்பர்கள் என்பது சீனப் படிப்பாளிகளின் மரபு. ஓவியத்திலும் பீங்கானிலும் கவிதையிலும் அவை சேர்ந்தே வரும். வியட்நாமில் செவ்வந்தியையும் சேர்த்து நான்காக்கினார்கள். லீ அரசர் காலத்துப் பௌத்தத் துறவி மான் ஜாக், 1096இல் நோய்ப்படுக்கையில் சீடர்களுக்குச் சொன்ன சிறு கவிதையில், வசந்தம் முடிந்தால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும் என்று எண்ணவேண்டாம் என்கிறார். முற்றத்தில் பூத்த ஒரு மைக் கிளையைச் சாட்சிக்கு அழைக்கிறார். வியட்நாமியப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கும் கவிதை அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மை குறித்த குணங்கள், அதாவது வறுமையிலும் நெறி தவறாமை, அரசனுக்கு முன்னும் தலை வணங்காமை எல்லாம், தேர்வெழுதிப் பதவிக்குப் போன ஆண்களுக்கானவை. பெயராகும்போது மட்டும் பங்கு பிரிந்துவிட்டது. பைனைக் குறிக்கும் துங் பையனுக்குப் போனது. மை, செவ்வந்தியான குக், மூங்கிலான ட்ருக் மூன்றும் பெரும்பாலும் பெண்களிடம் வந்தன. ஆர்க்கிடைக் குறிக்கும் லானையும் கூட்டினால் நான்கு பெண்களுள்ள வீட்டுக்குப் பெயர்வரிசை ஆயத்தம்: மை, லான், குக், ட்ருக். பெண்ணின் மென்மைக்காக வைத்த பெயர் என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். வேரைப் பார்த்தால் அது விறைப்பான ஆண்பிள்ளைப் பண்டிதர்களின் பெருமை.

நுயென் டு எழுதிய 'கியூவின் கதை' இந்தப் பங்கீட்டுக்குப் பெரிதும் கைகொடுத்திருக்க வேண்டும். 3,254 அடிகள் கொண்ட அந்தக் காவியத்தின் தொடக்கத்தில் அக்காள் தங்கை இருவரை அறிமுகம் செய்யுமிடத்தில், உடல்வாகுக்கு மையும் உள்ளத்துக்குப் பனியும் உவமையாகின்றன. ஊர் ஊராக வாய்ப்பாடமாக ஓதப்பட்ட நூல் அது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட நூற்றுக்கணக்கான அடிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதன் வழியாக மை வீட்டு நடைக்குள் வந்துவிட்டது.

முழுப்பெயரில் மை நிற்கும் இடத்தையும் பார்த்துவிடலாம். 'நுயென் தி மை' என்றால் நுயென் குடும்பப் பெயர். நாட்டு மக்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு அதுதான். 'தி' என்ற இடைப்பெயர் பெண் என்பதற்கான முத்திரை. சீனத்தில் குலத்தைக் குறித்த சொல் அது. வியட்நாமில் பெண்களுக்கென்றே ஒதுங்கிவிட்டது. நகரத்துப் பெற்றோர் பலர் இப்போது அதை விட்டுவிடுகிறார்கள், பழைய காலத்து வாடை அடிக்கிறது என்று. கடைசியில் வருவதுதான் அவளுக்கே உரிய பெயர். அமைச்சரானாலும் ஆசிரியையானாலும் அந்தக் கடைசிப் பெயரால்தான் அழைப்பார்கள். ஊரில் பத்தில் நான்கு பேர் நுயென் என்றால் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு என்ன பயன்? வெறும் 'மை' என்று அழைப்பது பெரும்பாலும் நெருங்கியவர்களுக்குள். மற்றவர்களுக்கு அக்காள் என்னும் 'சி மை', அத்தை முறையில் 'கோ மை', வயதானபின் 'பா மை'. தெற்கில் இன்னொரு வழக்கமும் உண்டு. தலைப்பிள்ளையை இரண்டு என்றும் அடுத்ததை மூன்று என்றும் எண்ணிக் கூப்பிடுவார்கள். 1952இல் கோன் டாவ் தீவுச் சிறையில் பிரெஞ்சுக்காரர் சுட்டுக் கொன்ற வோ தி சாவ் என்ற இளம்பெண்ணின் பெயரில் 'சாவ்' என்பது ஆறு. எண்ணே பெயராகப் பள்ளிகளுக்கும் தெருக்களுக்கும் சூட்டப்பட்டிருக்கிறது.

இனி மரத்துக்கு வரலாம். வடக்கில் மை என்பது, மக்கள் பேச்சில் 'மோ' எனப்படும் மரம். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளைப் பூ, புளிப்புக் காய். பீச்சுக்கும் ஆப்ரிகாட்டுக்கும் நெருங்கிய சொந்தம். ஹனோய்க்குத் தென்மேற்கே ஹுவோங் மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தக் காயும் அதில் ஊறிய மதுவும் வாங்காமல் திரும்புவதில்லை. காயை உப்பில் ஊறவைத்து, வெயிலில் சுருங்க உலர்த்தி, இஞ்சியும் அதிமதுரமும் சர்க்கரையும் சேர்த்தால் 'ஓ மை'. ஹனோயின் ஹாங் டுவோங் தெருவில் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள்: கறுத்தது, சிவந்தது, உப்புப் பூத்தது, காரமானது. இருமலுக்கும் நல்லது என்பார்கள். பண்டிதர்கள் பூவைப் பாட, தெருவில் காயைத் தின்றார்கள். எழுத்தில் மை, வாயில் மோ.

அதே ஹனோயின் தெற்குப் பகுதிக்கு 'கே மோ' என்று பழம்பெயர். மோ மரங்கள் நிறைந்திருந்த ஊர்த்தொகுதி. மோ சந்தை இன்றும் இருக்கிறது. அரசாங்க ஏட்டில் ஏறும்போது அந்த ஊர்களெல்லாம் ஹுவாங் மை, துவோங் மை, ஹோங் மை என்று பண்டிதர் பெயர் பூண்டன. ஹோங் மை என்றால் சிவந்த மை. 1847இல் து டுக் பேரரசர் அரியணை ஏறினார். அவருடைய இயற்பெயரில் 'ஹோங்' இருந்தது. அரசர் பெயரிலுள்ள ஓசையைக் குடிகள் வாயால் சொல்லக்கூடாது. ஆகவே சிவந்த மை, வெளுத்த மையாகி 'பாக் மை' ஆனது. தமிழில் கேட்டால் பேனாவுக்கு மை மாற்றிய கதைபோல இருக்கும். அங்கே அது சட்டம். 1972 டிசம்பரில் அமெரிக்க பி-52 விமானங்கள் அங்குள்ள மருத்துவமனையில் குண்டு போட்டு அதன் ஊழியர்கள் 28 பேர் இறந்தபோது உலகச் செய்தித்தாள்களில் வந்த பெயர் இந்தப் பாக் மைதான்.

அரசர் பெயருக்குத் தடை என்பது சீன உலகம் முழுவதும் இருந்த வழக்கம். வியட்நாமில் ஒரு பெண்ணின் பெயர் நாட்டு வரைபடத்தையே மாற்றியிருக்கிறது. ஹோ தி ஹோவா, பின்னாளில் மின் மாங் பேரரசரான இளவரசரின் மனைவி. 1807இல் பிள்ளை பெற்ற சில நாளில் இறந்துபோனார். வயது இருபதைத் தொடவில்லை. அந்தப் பிள்ளைதான் தியூ ட்ரி பேரரசர். அவர் பட்டத்துக்கு வந்ததும் தாயின் பெயரான 'ஹோவா' தடைக்குள்ளானது. ஹோவா என்றால் பூ! நாடு முழுக்கப் பூவைச் சொல்லமுடியாது என்றால் என்ன செய்வது? ஹுவே நகரின் டோங் ஹோவா சந்தை டோங் பா ஆயிற்று. சைகோனில் பூப்பாலம் என்னும் பொருள்கொண்ட ஹோவா பாலம், போங் பாலம் ஆயிற்று. தான் ஹோவா மாகாணத்தின் பெயரில் தொனியை மாற்றி வேறு சொல்லாக்கினார்கள். தென்னாட்டார் இன்றும் பூவை 'போங்' என்றும் 'ஹுவே' என்றும் சொல்வதற்கு இந்தத் தடையையும் ஒரு காரணமாகக் காட்டுவார்கள். முகம்கூட யாருக்கும் சரியாகத் தெரியாத ஒரு சின்னப் பெண், மொழியில் இவ்வளவு தூரம் கிளை விட்டிருக்கிறார்.

தெற்கு என்றதும் இன்னொரு தடை. 1558இல் நுயென் ஹுவாங் என்ற பிரபு தெற்கே துவான் ஹோவா நிலப்பகுதிக்கு ஆளுநராகப் போனார். அவருடைய சந்ததியார் அடுத்த இரு நூற்றாண்டுகளில் சாம்பா நாட்டையும் தாண்டி மீகாங் கழிமுகம் வரை போய்விட்டார்கள். அவர்கள் ஆண்ட நாட்டில் 'ஹுவாங்' என்ற ஒலி தடைப்பட்டு 'ஹுயின்' ஆனது. மஞ்சளுக்கும் அதே சொல்தான். எனவே வடக்கில் ஹுவாங் மை என்று பெண்ணுக்குப் பெயர் வைத்தால், தெற்கில் அவள் ஹுயின் மை. இரண்டும் மஞ்சள் மை.

ஆனால் மோ மரத்தின் பூ வெள்ளை. மஞ்சள் எங்கிருந்து வந்தது?

தெற்கே குடியேறியவர்கள் டெட் புத்தாண்டுக்கு வீட்டில் வைக்கப் பூத்த கிளை தேடினார்கள். மோ மரத்துக்கு அந்த வெக்கை ஒத்துக்கொள்ளாது. காட்டோரங்களில் வேறொரு சிறு மரம் நின்றது. இலையுதிர்த்துவிட்டு, சரியாக டெட் சமயத்தில், ஐந்து இதழ் மஞ்சள் பூவாய்ப் பூத்துக் கொட்டியது. பூக்கும் காலமும் இதழ்க் கணக்கும் ஒத்துப்போயின. அதையே மை என்றார்கள். தாவரவியலில் அது ஓக்னா இனத்து மரம், ஓக்னா இண்டிகெரிமா. ரோஜாக் குடும்பத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பெயர்தான் முதலில் தெற்கே வந்தது. மரத்தைப் பிறகு தேடிக்கொண்டார்கள்.

ஓக்னா என்பது தமிழருக்கு அந்நியமன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களுள் ஒன்றான செருந்தி, ஓக்னா இனத்தைச் சேர்ந்த மரம் என்பது தாவரவியலார் பலரின் முடிவு. நெய்தல் நிலத்துப் பாட்டுகளில் பொன்னுக்கு ஒப்பாக அது பூத்துக்கிடக்கும். தமிழ்நாட்டுக் கீழைக் கரையின் புதர்க்காடுகளில் இன்றும் நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்குக் கப்பலேறிய காரைக்கால், புதுச்சேரிக்காரர்களும் வட்டிக்கடை வைத்த நகரத்தாரும் டெட் நாளில் அந்த ஊர் வாசல்களில் கண்டது செருந்தியின் உடன்பிறப்பை.

தெற்கத்தி வீடுகளில் இந்த மரத்துக்குச் செய்யும் பணிவிடை தனி. சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி இலை கிள்ளுவார்கள். கத்தி, கத்தரிக்கோல் கிடையாது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இலையைக் காம்பின் போக்குக்கு எதிராகப் பின்னுக்கு இழுப்பார்கள். அவசரப்பட்டால் காம்படியிலுள்ள மொட்டும் சேர்ந்து பிய்ந்துவரும். மொட்டு சிறுத்திருந்தால் நாலைந்து நாள் முன்பே கிள்ளவேண்டும், பருத்திருந்தால் தள்ளிப்போடவேண்டும். அந்த ஆண்டு குளிரா, வெயிலா என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். பிறகு காத்திருப்பு. 23ஆம் நாள் அடுக்களைத் தெய்வம் விண்ணுலகம் போகும் நாள். அன்று மொட்டின் வெளியுறை வெடித்துப் பச்சைக் குமிழ்கள் தலைகாட்டினால் முதல் நாள் காலையில் பூக்கும் என்பது கணக்கு. ஐந்து இதழுக்குப் பதில் ஆறோ ஏழோ எட்டோ இருந்தால் அந்த ஆண்டு யோகம். முன்கூட்டியே பூத்து உதிர்ந்த மரத்தை வைத்துக்கொண்டு வியாபாரி படும் பாடு சொல்லி முடியாது. கடைசி நாள் மதியம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்.

இத்தனைக்கும் நடுவில் மூன்றாவது மரமும் ஒன்று உண்டு. சைகோனை ஒட்டிய சோலன் பகுதியில் ஒரு மேடு; அதன் மேல் ஒரு கோயில், பூ மரங்கள். 'கை மை', அதாவது மை மரம் என்றே அதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்பகுதியான ஜா டின் நிலத்தைப் பற்றி நூலெழுதிய ட்ரின் ஹுவாய் டுக் அதைக் குறிப்பிடுகிறார். ஊர்ப் புலவர்கள் அங்கே கூடிக் கவிதை பாடினார்கள். அந்த மை மஞ்சளும் அன்று, மோவும் அன்று. வெள்ளைப் பூ, தென்மை என்று பொருள்படும் 'நாம் மை' என்றார்கள். 'மை மூ ஊ' என்றும் ஒரு பெயர். மூ ஊ என்பது நம் புன்னை. புன்னைபோல் இலை, வெள்ளைப் பூ, மேட்டில் நிற்கும் அழகு, கீழே சீனம் படித்த புலவர்கள். மை என்று அழைக்க இவை போதுமானதாக இருந்திருக்கின்றன. 1860இல் பிரெஞ்சுப் படை சைகோனைச் சுற்றியிருந்த கோயில்களைக் கோட்டைகளாக்கியபோது இந்த மேடும் ஒரு காவல் அரணாயிற்று. புலவர் கூட்டம் கலைந்தது.

பூ ஒருபுறம் இருக்க, ஓசையும் இந்தப் பெயருக்கு உதவி செய்திருக்கிறது. அதிர்ஷ்டத்துக்கு வியட்நாமியச் சொல், மைக்கு மிக நெருங்கிய குறில் ஒலி. தெற்கத்திப் பேச்சில் இரண்டையும் பிரிப்பது கடினம். இப்படிப்பட்ட ஓசைக் கணக்கில் அவர்களுக்கு நிகர் அவர்களே. டெட் படையல் தட்டில் தெற்கத்தியார் சீத்தா, தேங்காய், பப்பாளி, மாம்பழம் அடுக்குவார்கள். நான்கின் பெயரையும் தெற்கத்தி உச்சரிப்பில் சேர்த்துச் சொன்னால் 'செலவுக்குப் போதுமான அளவு கிடைக்கட்டும்' என்று வேண்டியதாகிவிடும். வாழைப்பழம் மட்டும் வராது. அதன் பெயர் தலைகுப்புற விழுவதுபோல் ஒலிக்கும். அத்தனை கேட்கும் காதுள்ளவர்கள் மகளுக்குப் பெயர் வைக்கும்போது சும்மா இருப்பார்களா?

அதே காதுக்கு மை இன்னும் பல பொருள் தரும். ஆமையின் ஓடும் மை, மண்வெட்டி வகையொன்றும் மை, கல்யாணத் தரகரும் மை. நாளையும் மை, விடியலும் மை. இவற்றுக்குச் சீன எழுத்தோ பழைய நோம் எழுத்தோ எழுதிய காலத்தில் குழப்பமில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். லத்தீன் எழுத்துக்கு மாறியபின் எல்லாம் மூன்றே எழுத்து. பிறப்புச் சான்றிதழில் 'மை' என்று பதியும் இளம் பெற்றோரில் அதன் சீன வடிவத்தை எழுதிக்காட்டத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

ஆகவே பெயரின் பொருளை இடைப்பெயர்தான் சொல்லவேண்டியிருக்கிறது. துயெத் மை, பனிமை. பனியே விழாத சைகோனில் பிறந்த பெண்ணுக்கும் வைப்பார்கள், கியூ காவியத்தின் தயவில். சுவான் மை, வசந்தத்தின் மை. தான் மை என்றால் பச்சை மைக்காய். சின்ன வயதிலிருந்து சேர்ந்து விளையாடி வளர்ந்த காதலர்களைச் சொல்லும் பழைய சீன வழக்கு. இவையெல்லாம் மரத்தின் வழி வந்தவை. பான் மை என்று வைத்தால் மரம் மறைந்துவிடும், அது வைகறை. சாவ் மை விடிவெள்ளி. இவற்றில் சீனம் துளியும் இல்லை. உழவர் வாய்ச் சொற்கள், வீட்டு மொழி. ஆயிரம் ஆண்டுச் சீன ஆட்சியையும் தேர்வுக் கல்வியையும் தாண்டி வந்த நாட்டுச் சொல் ஒன்று, பண்டிதர்களின் பூவோடு ஒரே ஒலியில் வந்து சேர்ந்து, அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

1975க்குப் பிறகு லட்சக்கணக்கானோர் படகேறியும் விமானமேறியும் வெளியேறினார்கள். கலிபோர்னியா, பாரிஸ், சிட்னி அலுவலகங்களில் தொனிக்குறிகளெல்லாம் உதிர்ந்தன. ஆறு தொனிகள் உள்ள மொழியில் குறி போனால் பெயரே வேறாகிவிடும். மைக்கு அந்தத் தொல்லை இல்லை. அது சமதொனிச் சொல். இழப்பதற்குக் குறியே கிடையாது. ஆனால் படிவங்களில் வரிசை புரண்டது: கடைசியில் நிற்கவேண்டிய மை முதலில் போய், நுயென் பின்னே ஒதுங்க, 'தி' நடுப்பெயர் என்ற கட்டத்துக்குள் அடைபட்டது. அங்கே பிறந்த பேத்திகளுக்கு அந்தக் கட்டத்திலேயே மையைப் போட்டுவிட்டு முன்னால் ஓர் ஆங்கிலப் பெயரைச் சேர்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்று, பாட்டி கூப்பிட மற்றொன்று.